கதிர்த்தாயின் கழுத்து

திருநெல்வேலி டவுண்
12.1.2025

ரேமண்ட் மாமா அவர்களுக்கு,

ஜாய்சி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

மூன்று தடவை போன் செய்தேன். "புன்னக்காயல் லூசியின் மகள் பேசுகிறேன்" என்றதும் மூன்று தடவையும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியதை வரவில்லை என்று சொல்ல முடியாது. நான் இருபத்திரண்டு வருடமாக நீதிமன்றத்தில் தட்டச்சர்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் புன்னக்காயல் கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிப் போயிருக்கிறார்கள். கழிமுகத்தில் பூங்காவும் படகுத்துறையும் கட்டப்போகிறது ஒரு கம்பெனி. முப்பத்தொரு வீடும் 2004இல் கடல் பொங்கிய பிறகு புறம்போக்கில் வந்து குடியேறியவையாம். காலி செய்ய வேண்டுமாம். அந்த நோட்டீஸின் தலையில் உங்கள் கதிர்த்தாய் நிற்கிறாள். தலையில் நெற்கட்டு, நெற்றியில் பொட்டு, வெறுங்கழுத்து. பள்ளிப் புத்தக அட்டையிலும் தபால் தலையிலும் ரேஷன் கடைப் பலகையிலும் ஐம்பத்து நாலு வருடமாக நாடு முழுக்க நிற்கிற அதே படம்.

அம்மா அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் நீட்டினாள்.

"இது யாருன்னு தெரியுதாட்டி?"

"கதிர்த்தாய். யாருக்குத்தான் தெரியாது?"

"இது நாந்தாம்ட்டி. ரேமண்ட் அண்ணன் வரஞ்சது. தலையில இருந்தது நெல்லு இல்ல, மீன் கொண்டுபோற ஓலைக் கடகம்."

எனக்கு நாற்பத்தைந்து வயது. இத்தனை வருடத்தில் உங்களைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "டில்லியில ஒரு அண்ணன் உண்டு." அந்த அண்ணன் பெரிய ஓவியர் என்பதைப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1970 மே மாதம் விடுப்பில் வந்தபோது நம் வீட்டு முன்னால் அவளை நிறுத்தி நீங்கள் வரைந்த முதல் படத்தில், பின்னால் தெரு முழுக்க இருக்கிறதாம். வீடுகள், கிணறு, வள்ளங்கள். கீழே ஊர்ப் பெயரும் தேதியும் போட்டீர்களாம். எங்கள் பத்திரங்கள் எல்லாம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன. அந்தத் தெரு 1970இல் இருந்தது என்பதற்கு இன்றைக்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

வழக்குப் போட்டிருக்கிறோம். விசாரணை ஜூன் 16. அந்தப் படத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜாய்சி

*

புது டில்லி
3.2.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

இறைவன் அருளால் நலம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, முழங்கால் படுத்துகிறது. நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தின் சூடு புரிகிறது. வீடு என்றால் யாருக்கும் பதற்றம் வரும். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கதிர்த்தாய் தனியொரு பெண் அல்ல. ஆயிரம் முகங்களிலிருந்து எழுந்த ஒரு முகம். ஐம்பது வருடமாக இதையே சொல்லி வருகிறேன். லூசியைச் சில கோடுகளில் வரைந்தது உண்டு. தங்கையை வரையாத ஓவியன் யார்? அந்தத் தாள்கள் எல்லாம் வீடு மாறி மாறித் தொலைந்தன.

இங்கே சில அதிகாரிகளைத் தெரியும். சமயம் வரும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

லூசி எப்படி இருக்கிறாள்? கருவாட்டுக் குழம்பில் இன்னும் மாங்காய் போடுகிறாளா? அவளுக்கு என் அன்பைச் சொல்.

ஆசிகளுடன்,
ரேமண்ட்

*

திருநெல்வேலி டவுண்
10.2.2025

மாமா அவர்களுக்கு,

உங்கள் முழங்கால் குணமாகட்டும். இங்கே எல்லாரும் நலம், இன்னும் தெருவில் நிற்கவில்லை.

சென்ற டிசம்பரில் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் உங்கள் ஐம்பது வருடப் படைப்புகளின் கண்காட்சியாம், பெரிய கௌரவமும் உண்டாம். அதில் நீங்களே சொல்லியிருப்பது: "கதிர்த்தாயின் முதல் கோட்டோவியம் என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பது வருடமாக யாருக்கும் காட்டியதில்லை." பத்திரிகைக்காரனுக்கு இருக்கிற படம் தங்கை மகளுக்குத் தொலைந்துபோகிறது. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், மறந்திருந்தால் வாசித்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆயிரம் முகங்கள்" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள்.

"ஆயிரம் முகமா? ஒத்த முகத்த வரையதுக்கே மூணு நாளு வெயில்ல நிறுத்துனான். கடகத்துல நெசமாவே மீன் இருக்கணும்னான். கழுத்து நரம்பு தெரியணுமாம். மூணாம் நாளு மீனு நாறி, நான் மயங்கி விழுந்தேன்."

கருவாட்டுக் குழம்பைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் வாசிக்கவில்லை. உங்களுக்கு ஊர் என்றால் குழம்பு. அந்தக் குழம்பு கொதிக்கிற அடுப்பைத்தான் பிடுங்கப் போகிறார்கள்.

பெட்டியைத் திறங்கள்.

ஜாய்சி

*

புது டில்லி
20.3.2025

ஜாய்சிக்கு,

உடம்பு சுமார். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

படம் இருக்கிறது. பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

நீ நினைப்பதுபோல நான் கொடியவன் அல்ல. அப்போது அரசு விளம்பரத் துறையில் ஓவியனாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். இருபத்து நாலு வயது. இந்தியோ ஆங்கிலமோ சரியாக வராது. மீன்காரன் என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். விடுப்பு முடிந்து வந்து அந்தப் படத்தை மேசையில் வைத்தேன். அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது. மேலதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் நாம் தேடிய முகம். ஆனால் இது எல்லா ஊருக்கும் போக வேண்டும். கடலும் மீனும் வேண்டாம், நெல் போடு. கழுத்தில் இருப்பதை எடு. நெற்றி காலியாக இருக்கிறது." மறுநாள் காலைக்குள் செய்துகொடுத்தேன். ஒரு சொல்கூட எதிர்த்துச் சொல்லவில்லை.

அந்த முகம்தான் எனக்குச் சோறு போட்டது, பெயர் கொடுத்தது. எல்லாப் பேட்டியிலும் கற்பனை என்றே சொன்னேன். இப்போது அந்தப் படம் வெளியே வந்தால் கண்காட்சி என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார். செப்டம்பர் வரை பொறு. எல்லாம் முடிந்ததும் நானே அனுப்புகிறேன்.

உன் கோபத்துக்குக் காரணம் வீடு மட்டுமல்ல என்பது தெரியும். அன்றைக்கு உன் அம்மா எழுதிய கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை. அதைச் சொல்லித்தான் உன்னை வளர்த்திருப்பாள்.

ரேமண்ட்

*

திருநெல்வேலி டவுண்
29.3.2025

மாமா,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை.

மண் அள்ளும் இயந்திரத்திடம் செப்டம்பர் வரை பொறு என்று உங்களால் சொல்ல முடியுமா? இப்போதே தெருமுனையில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஸ்டெபி தினமும் அதைத் தாண்டித்தான் இரண்டு பெண் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாள்.

அம்மா எழுதிய கடிதமா? எந்தக் கடிதம்? என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. கேட்டேன். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

என்ன கேட்டாள் உங்களிடம்? என்ன செய்தீர்கள்?

ஜாய்சி

*

திருநெல்வேலி டவுண்
5.5.2025

மாமா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. என் கடிதம் கிடைத்ததற்கு உங்கள் கையெழுத்திட்ட அட்டை மட்டும் வந்திருக்கிறது. அழகான கையெழுத்து. நாடே அறிந்த கையெழுத்து அல்லவா.

நீங்கள் சொல்லாததை நேற்று அம்மா சொன்னாள்.

1971இல் உங்கள் கதிர்த்தாய் நம் ஊர்க் கூட்டுறவுக் கடைச் சுவருக்கும் வந்தாள். யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள். "கஸ்பார் மவ சிலுவைய அத்துப்போட்டுட்டு பொட்டு வச்சிட்டா" என்று தெரு முழுக்கப் பேச்சு. மதத்தை விட்டு யாருடனோ ஓடப்போகிறாள் என்றார்கள். மணப்பாட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்து நிச்சயத் துணி திரும்பி வந்தது.

தாத்தாவிடம் அம்மா அழுதிருக்கிறாள். "நான் வைக்கலப்பா, அண்ணன் வரஞ்சது."

தாத்தா சொன்னாராம்: "எம் மவன் கண்டததான் வரைவான். காணாதத வரையமாட்டான்."

அப்படி நம்பினார் உங்களை.

அப்போதுதான் அம்மா உங்களுக்கு எழுதினாள். ஒரு வரி போதும், "பொட்டு நான் போட்டது" என்று அப்பாவுக்கு எழுது என்று. நீங்கள் எழுதவில்லை. தாத்தா அதன் பிறகு அவளோடு பேசவே இல்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒன்பது வருடம். அவள் சோறு வைப்பாள், அவர் தின்பார், எழுந்து போவார். அதில் ஆறாவது வருடம் என் அப்பா, படகு கட்டும் வள்ள ஆசாரி, யார் பேச்சையும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டார். தாத்தா கோயிலுக்கு வரவில்லை. நான் பிறந்தபோது வந்து என்னைத் தூக்கினாராம், அம்மாவின் பக்கம் திரும்பாமலே. மறு வருடம் செத்துப்போனார். பேசாமலே செத்துப்போனார்.

நீங்கள் அடக்கத்துக்கும் வரவில்லை. தந்தி கொடுத்தீர்களாம்.

இந்த நாட்டுக்கே ஒரு தாயை வரைந்து கொடுத்தவர் நீங்கள். மேடையில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அவளுக்குத் தகப்பன் இல்லாமல் ஆக்கியதும் நீங்கள்தான். அதைச் சொல்ல ஒரு மேடையும் இல்லை.

ஜாய்சி

*

சேசு மரி சூசை துணை

புன்னக்காயல்
11.5.2025

அண்ணனுக்கு லூசி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் மதினியும் சுகமா இருக்க மாதாவைக் கும்பிடுதேன்.

ஜாய்சி கோவத்துல எழுதியிருப்பா. அவ எழுதுனது எதுவும் பொய் இல்ல.

எனக்காகக் கேட்டப்ப நீ எழுதல. அது போகட்டும்னு சொல்லமாட்டேன், போகல. ஆனா இப்ப நான் எனக்காகக் கேக்கல. எனக்கு எழுவத்து நாலு. மவ வீட்டுல ஒரு மூலை கெடைக்கும். ஸ்டெபிக்கு யாரு இருக்கா? அவ மாப்பிள்ள எப்பவும் கடல்ல கெடக்கான். இந்தத் தெருவுல எல்லா ஆம்பளையும் கடல்லதான் கெடக்கானுவ.

அந்த நோட்டீஸ ஒட்டுன பயகிட்ட நான் சொன்னேன், ஏலே, இந்தப் படத்துல இருக்கது நாந்தான்லே, நான் பொறந்த வீடுலே இதுன்னு. பாட்டிக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு சிரிச்சான். அவன் மேல தப்பு இல்ல. எம்மூஞ்சிய வச்சே என்னய வெளிய போகச் சொல்லுதானுவ, அது எம்மூஞ்சிதான்னு நான் யாருகிட்ட போயி சொல்ல? இந்த உலகத்துல அது தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் மிச்சம்.

நீ செத்துப்போனா அதுவும் போயிரும். சீக்கிரம் செய்யி.

உன் தங்கச்சி
லூசி

*

புது டில்லி
2.6.2025

ஜாய்சிக்கு,

படத்தை என் மகன் கையில் விமானத்தில் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் தேதி உங்கள் வக்கீல் மந்திரமூர்த்தியிடம் நேரில் ஒப்படைப்பான். உறுதிமொழிப் பத்திரமும் இருக்கிறது. "மீன் கடகத்தையும் சிலுவையையும் நீக்கியவன் நான். நெற்கட்டையும் பொட்டையும் போட்டவன் நான். படத்தில் உள்ள பெண் என் தங்கை லூசி" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதன் நகலைக் கண்காட்சிக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன்.

1971இல் அவள் கடிதம் வந்த அன்றே படித்தேன். அப்பாவுக்கு எழுதினால் செய்தி எப்படியும் அலுவலகத்துக்கு எட்டும், வேலை போய்விடும் என்று பயந்தேன். காரணம் இவ்வளவுதான். வேறு ஏதாவது நல்ல காரணம் இருக்குமா என்று இந்த ஒரு மாதமும் தேடினேன். இல்லை.

அப்பா பேசாமலே இறந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் சமாதானம் ஆகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

லூசியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ரேமண்ட்

*

திருநெல்வேலி டவுண்
20.6.2025

மாமா,

நலம். நடந்ததை எழுதுகிறேன்.

படம் வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் காட்டினோம். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இருக்கு" என்றாள். படத்தில் சிலுவை இருக்கிறது.

16ஆம் தேதி கம்பெனி வக்கீல் எழுந்ததும் எடுத்தது உங்கள் பேட்டிகளைத்தான். ஒன்றல்ல, பதினோரு பேட்டிகள். "ஓவியரே எல்லாம் கற்பனை என்று சொல்லியிருக்கிறாரே, கனம் நீதிபதி அவர்களே. கற்பனையில் வந்த பெண், கற்பனையில் வந்த தெரு." ஐம்பது வருடம் நீங்கள் சேர்த்து வைத்த பொய்யை அவர் ஒரே நாளில் எங்கள் தலையில் கொட்டினார்.

மந்திரமூர்த்தி ஒன்றுதான் சொன்னார். "படத்துல வீட்டு வாசல் நிலைக்கு மேல 1938ன்னு செதுக்கியிருக்கு. அந்த நிலை இன்னிக்கும் அங்கனதான் நிக்குது. ஆள் அனுப்பிப் பாக்கட்டும்." நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அனுப்பியது. நிலை, கிணற்றின் உடைந்த வாய், அதற்கப்பால் இருக்கிற ஏழு வீடு எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு போனார். இப்போது இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. ஆனால் உங்களை நேரில் விசாரிக்க வேண்டுமாம். அக்டோபர் 29.

பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் ஊருக்கு வந்தார்கள். அம்மாவைத் தலையில் கடகத்தோடு நிற்கச் சொன்னார்கள். "ஒருக்க நின்னதே போதும்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. எனக்கு வரவில்லை.

ஜாய்சி

*

புது டில்லி
14.8.2025

ஜாய்சிக்கு,

நலம் என்றே எழுதுகிறேன்.

கண்காட்சியை ஒத்திவைத்துவிட்டார்கள், தேதி குறிப்பிடாமல். கௌரவம் பற்றி யாரும் பேசுவதில்லை. சிலர் நாட்டை ஏமாற்றினேன் என்கிறார்கள். சிலர் இந்த வயதில் எதற்கு இந்த வேலை, பேசாமல் இருந்திருக்கலாமே என்கிறார்கள். இரண்டாவது வகையினர்தான் என் நண்பர்கள்.

அக்டோபர் 29க்கு வருகிறேன். சாட்சி சொல்லிவிட்டு விடுதியில் தங்கிக்கொள்ள முடியும். ஆனால் ஒருமுறை வீட்டுக்கு வரலாமா என்று லூசியிடம் கேட்டுச் சொல்.

ரேமண்ட்

*

திருநெல்வேலி டவுண்
25.8.2025

மாமா,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கூண்டில் நிற்கத் தெம்பு வேண்டும்.

கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"சாட்சி சொல்லி முடிச்சதும் ஓடிராம நவம்பர் ரெண்டாம் தேதி வரைக்கும் இருக்கச் சொல்லு. கல்லறைத் திருநாளு. ஊரே கல்லறைத் தோட்டத்துல நிக்கும். அப்பா கல்லறைக்கு மொதல்ல வரட்டும். சொல்ல வேண்டியத அங்கன சொல்லட்டும். வீட்டுக்கு அதுக்குப் பெறவு வரலாம்."

ஜாய்சி

*

திருநெல்வேலி டவுண்
16.11.2025

மாமா அவர்களுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே மழை. நாங்கள் நலம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை தடை நீடிக்கும். இயந்திரத்தைத் தெருமுனையிலிருந்து எடுத்துப்போய்விட்டார்கள். நீங்கள் சொன்ன சாட்சியத்தின் நகலை வாங்கி வாசித்தேன். "அப்படியானால் ஐம்பது வருடமாகப் பொய் சொன்னீர்களா?" என்று அந்த வக்கீல் கேட்டதற்கு நீங்கள் "ஆமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். என் வேலையில் எத்தனையோ சாட்சியம் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எல்லாரும் அரைப்பக்கம் சொல்வார்கள்.

"லூசி என்னை மன்னித்துவிட்டாளா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் உங்களுக்குச் சோறு வைத்தாள். தான் உட்காரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் பார்க்காத ஒன்று நடந்தது. அப்போது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தாத்தாவின் கல்லறை முன்னால் நின்று முதலில் நீங்கள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அம்மா விடவில்லை.

"அண்ணே, சத்தமா சொல்லு. அப்பாவுக்குக் கடைசியில காது கேக்காது."

மறுபடி சொன்னீர்கள். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஸ்டெபி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள், போதாது என்று. மூன்றாவது தடவை நீங்கள் கத்தினீர்கள். "அப்பா, அந்தப் பொட்டு அவ வைக்கல. நான் வச்சேன். சிலுவையையும் நாந்தான் எடுத்தேன். அவ ஒண்ணும் செய்யல." இத்தனை வருடம் டில்லித் தமிழ் பேசியவர் அந்த மூன்றாவது தடவை நம் ஊர்ப் பேச்சில் கத்தினீர்கள். தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்ட பிறகுதான் அது நடந்தது. அம்மாவின் கோபமெல்லாம் உங்கள் மேல்தான் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அவள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தாள். கல்லின் மேல் கிடந்த பூவை ஒதுக்கினாள். உள்ளங்கையால் கல்லில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

"கேட்டுதா?" என்றாள்.

ஜாய்சி